பணமில்லாத பேட்மேனும் பிள்ளை பெற்ற ஸ்பைடர்மேனும்

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸை மாதம் தவறாமல் வாசித்து வருகிறவர்களுக்கு ஒரு சலிப்பு நன்கு பழக்கமானது. யார் செத்தாலும் திரும்பி வருவார்கள், எது இடிந்தாலும் மறுபடியும் எழும், எந்தத் திருமணமும் நிலைக்காது, எந்தக் குழந்தையும் வளராது. 2023 மே மாதக் கடைசியில் வெளிவந்த 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 26ஆம் இதழில் மிஸ் மார்வெல் என்ற கமலா கான் கொல்லப்பட்டாள். பாகிஸ்தானியக் குடும்பத்தில் பிறந்து நியூ ஜெர்சியில் வளரும் அந்தப் பெண், அண்மைக் காலத்தில் மார்வெல் உருவாக்கிய புதிய பாத்திரங்களில் உண்மையாகவே வேர்பிடித்த மிகச் சிலரில் ஒருத்தி. அவளுடைய சாவு அவளுடைய சொந்தத் தொடரில்கூட நிகழவில்லை. இன்னொருவர் கதையில், அவர் துயரப்படுவதற்குக் காரணம் வேண்டும் என்பதற்காக நிகழ்ந்தது. ஜூலை மாதம் அவளுக்கு அஞ்சலி செலுத்தும் சிறப்பிதழ் வந்தது. அதே ஜூலை மாதம் அவள் உயிரோடு எழுந்து வந்த எக்ஸ்மென் இதழும் வந்தது. வாசகரின் கண்ணீருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் மரியாதை கொடுக்காத ஒரு கதைமுறை எப்படித் தன்னைத் தானே அரித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தச் சலிப்பைப் போக்கிய சில தொடர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அவற்றில் பெரும்பாலானவை இரண்டு வரிசைகளைச் சேர்ந்தவை: மார்வெல் 2023இல் தொடங்கிய புதிய அல்டிமேட் வரிசை, டிசி 2024 அக்டோபரில் தொடங்கிய அப்சல்யூட் வரிசை. இரண்டுமே பழைய நாயகர்களை வேறோர் உலகத்தில் முதலிலிருந்து தொடங்குகின்றன. இப்படி முதலிலிருந்து தொடங்குவது புதிதல்ல. இரு நிறுவனங்களும் விற்பனை குறையும்போதெல்லாம் இதைச் செய்திருக்கின்றன. இந்த முறை வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், நாயகனுக்கு எதைப் புதிதாகக் கொடுக்கலாம் என்று யோசிப்பதற்குப் பதிலாக, அவனிடமிருந்து எதை எடுத்துவிட்டாலும் அவன் அவனாகவே இருப்பான் என்ற கேள்வியை எழுத்தாளர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்ட தொடர்கள் வென்றன, பாதியில் கைவிட்டவை தளர்ந்தன என்பதே என் கருத்து.

ஜோனதன் ஹிக்மன் எழுதி, மார்கோ கெக்கெட்டோ வரைந்து, 2024 ஜனவரியில் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' தொடரை எடுத்துக்கொள்வோம். இந்த உலகத்தில் மேக்கர் என்ற தீய மேதை வரலாற்றுக்குள் புகுந்து, நாயகர்களாக வேண்டியவர்கள் நாயகர்கள் ஆகாதபடி செய்துவிடுகிறான். பள்ளி வயதில் பீட்டர் பார்க்கரைக் கடிக்க வேண்டிய சிலந்தி அவனைக் கடிக்கவேயில்லை. ஆகவே அவன் சாதாரண மனிதனாக வளர்ந்து, மேரி ஜேனைத் திருமணம் செய்து, ரிச்சர்ட், மே என்ற இரு பிள்ளைகளுக்குத் தந்தையாகி, நாளிதழ் ஒன்றில் வேலை பார்க்கிறான். தாடி வைத்திருக்கிறான். வாழ்க்கையில் குறையொன்றும் இல்லை, ஆனால் ஏதோ ஒன்று வந்துசேரவில்லை என்ற உணர்வு மட்டும் அவனை விட்டு நீங்குவதில்லை. முதல் இதழின் முடிவில், இளைஞனான டோனி ஸ்டார்க் அனுப்பிய செய்தியும் அந்தச் சிலந்தியும் அவன் கைக்கு வருகின்றன. கடிபடுவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்ய வேண்டும்.

1962 முதல் ஸ்பைடர்மேனின் தொடக்கக் கதை ஒரு விபத்தும் ஒரு குற்றவுணர்வும் சேர்ந்தது. சிலந்தி தற்செயலாகக் கடிக்கிறது. பென் சித்தப்பா சாவதற்குத் தானும் ஒரு காரணம் என்ற எண்ணம் அவனைக் காலமெல்லாம் துரத்துகிறது. ஹிக்மன் இந்த இரண்டையும் எடுத்துவிட்டார். இங்கே பென் உயிரோடு இருக்கிறார். ஜே. ஜோனா ஜேம்சனுடன் சேர்ந்து, வில்சன் ஃபிஸ்க் என்ற குற்றத் தலைவனின் கைக்குப் போன நாளிதழை விட்டு விலகி, சொந்தமாகச் செய்தி நிறுவனம் தொடங்குகிறார். அந்த இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் கடிந்துகொண்டே உண்மையைத் தேடி அலையும் பக்கங்கள், சண்டைப் பக்கங்களைவிட எனக்கு நெருக்கமானவை. விபத்தும் இல்லை, குற்றவுணர்வும் இல்லை என்றால் பீட்டரிடம் மிஞ்சுவது விருப்பம் ஒன்றுதான். முப்பது வயதைக் கடந்த குடும்பஸ்தன் ஒருவன், வீட்டில் உறங்கும் மனைவியையும் பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்த பிறகும் அந்த ஆபத்தை ஏற்கிறான். அவன் செய்தது சரியா என்று தொடர் எளிதில் தீர்ப்புச் சொல்வதில்லை. தந்தையின் இரகசியம் முதலில் மகளுக்குத் தெரியவருகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிகழும் ஒவ்வொரு உரையாடலிலும் பாசத்தோடு அச்சமும் கலந்தே இருக்கிறது.

இந்தத் தொடர் பழைய வாசகர்களை ஏன் இவ்வளவு ஆழமாகத் தொட்டது என்பதற்கு 2007ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் 1987இல் திருமணம் நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 'ஒன் மோர் டே' என்ற கதையில், குண்டடிபட்டுச் சாகக் கிடக்கும் மே சித்தியைக் காப்பாற்றுவதற்காக இருவரும் தங்கள் திருமணத்தையே மெஃபிஸ்டோ என்ற பேயிடம் விலையாகக் கொடுக்கிறார்கள். அந்தத் திருமணம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. திருமணமானவன் இளைய வாசகர்களுக்கு நெருக்கமாக இருக்க மாட்டான் என்பதே அதற்குப் பதிப்பாசிரியர்கள் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காயம் இன்றுவரை ஆறவில்லை. ஹிக்மனின் உலகத்தில் கதை தொடங்கும்போதே மே சித்தி இறந்துபோயிருக்கிறார், திருமணம் நிலைத்திருக்கிறது. 2007இல் எதைக் கொடுத்து எதை வாங்கினார்களோ, அந்தப் பேரம் இங்கே அப்படியே திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. இது தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மூத்தவர்களின் சாவைத் துக்கத்தோடு ஏற்றுக்கொண்டு, கட்டிய குடும்பத்தைக் காத்துக்கொள்கிற மனிதன்தான் வளர்ந்த மனிதன். அவனைப் பற்றியும் ஸ்பைடர்மேன் கதை எழுத முடியும் என்பதை இத்தொடர் முதல் ஆறு இதழ்களுக்குள்ளேயே நிறுவிவிட்டது.

நான்காவது இதழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டேவிட் மெஸ்ஸினா வரைந்த அந்த இதழின் மையம் ஓர் இரவு விருந்து. பீட்டரும் மேரி ஜேனும், ஹாரி ஆஸ்பார்னும் அவன் மனைவி க்வென் ஸ்டேசியும் உணவகத்தில் ஒரே மேசையில் அமர்ந்து பேசுகிறார்கள். பல பத்தாண்டுகளாக இந்த நால்வரின் பெயர்களையும் சுற்றிச் சாவும் துரோகமும் மட்டுமே எழுதப்பட்டிருப்பதை வாசகர் அறிவார். பாலத்திலிருந்து விழுந்து க்வென் செத்ததை அறிவார், ஹாரி பச்சைப் பேயின் முகமூடிக்குள் சிதைந்ததை அறிவார். அந்த அறிவோடு, அவர்கள் வேலையைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் உலகம் போகிற போக்கைப் பற்றியும் வாதிடுவதைக் கேட்கும்போது ஏற்படும் பதற்றத்தை எந்த வான்வழிச் சண்டையும் தர முடியாது. கட்டங்கள் பெரும்பாலும் முகங்களிலேயே நிற்கின்றன. ஒருவர் பேசும்போது மற்ற மூவரில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதை மெஸ்ஸினா மிகுந்த கவனத்தோடு வரைந்திருக்கிறார். முதல் வாசிப்பில் பேச்சைத் தொடர்ந்த நான், மறுவாசிப்பில் கண்களை மட்டும் தொடர்ந்து போனேன். இரண்டும் வேறு வேறு கதைகளாக இருந்தன.

இரண்டாம் ஆண்டில் தொடர் தளர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பீட்டரும் ஹாரியும் நகரத்தை விட்டு வெகுதூரம் கொண்டுபோகப்பட்ட பகுதியில், வீடு என்ற மையம் கைநழுவி, கதை வழக்கமான சாகசமாகச் சுருங்கிவிட்டது. மேரி ஜேனையும் பிள்ளைகளையும் விட்டு விலகும் ஒவ்வொரு இதழிலும் இத்தொடர் தன் வலுவை இழக்கிறது என்பதே அது எங்கே நன்றாக இருந்தது என்பதற்குச் சான்று.

அல்டிமேட் வரிசை செய்த இன்னொரு காரியம் காலத்தைக் கதைக்குள் கொண்டுவந்தது. பொதுவாக அமெரிக்க மாத இதழ்களில் ஒரே இரவு நடக்கும் சண்டை ஆறு மாதம் ஓடும். நாயகன் அறுபது ஆண்டுகளாக இருபத்தொன்பது வயதில் நிற்பான். இங்கே இதழுக்கு இதழ் கதையிலும் ஏறக்குறைய ஒரு மாதம் கழிகிறது. மேக்கர் தன் நகரத்துக்குள் அடைபட்டிருக்கிறான். இரண்டு ஆண்டுகளில் வெளியே வருவான். அதற்குள் எதிர்ப்பாளர்கள் ஒன்றுதிரள வேண்டும். இந்த ஒரு விதி எல்லாத் தொடர்களுக்கும் அவசரத்தையும் எடையையும் கொடுத்துவிட்டது. டெனிஸ் கேம்ப் எழுதி, ஹுவான் ஃப்ரிகேரி வரைந்த 'தி அல்டிமேட்ஸ்' இதை மிகச் சிறப்பாகப் பயன்படுத்தியது. உலகை ஆளும் கும்பலின் கண்ணில் பயங்கரவாதிகளாகத் தெரியும் இளம் போராளிகளே அதன் நாயகர்கள். அணுகுண்டுச் சோதனைகளின் நிழல் படிந்த பசிபிக் தீவொன்றிலிருந்து வருகிற ஷீ-ஹல்க், லகோட்டா பழங்குடியைச் சேர்ந்த ஹாக்ஐ என, பழைய பெயர்களுக்குள் புதிய வரலாறுகளைக் கேம்ப் வைத்திருக்கிறார். அரசியலை அணிகலனாகப் பூசாமல் பாத்திரத்தின் பிறப்பிலேயே வைத்திருப்பதால் அது உபதேசமாக ஒலிக்கவில்லை. பீச் மொமோகோ எழுதி வரைந்த 'அல்டிமேட் எக்ஸ்மென்' ஜப்பானியப் பள்ளி மாணவிகளை வைத்து நடக்கும், நீர்வண்ணம் போல் கசியும் பேய்க்கதை. அதன் கதையோட்டத்தில் எனக்குத் தெளிவு போதவில்லை, ஓவியத்துக்காகவே தொடர்ந்து வாசித்தேன்.

டிசியின் அப்சல்யூட் வரிசைக்கு வருவோம். டார்க்சைட் என்ற கொடிய வில்லனின் ஆற்றலிலிருந்து உருவான உலகம் என்பதால் அங்கே நம்பிக்கை எப்போதும் தோற்கும் பக்கத்திலேயே நிற்கிறது. இந்த விளக்கத்தைப் படிக்காமலே நேராக முதல் இதழ்களுக்குள் போய்விடலாம், ஒன்றும் குறையாது. ஸ்காட் ஸ்னைடர் எழுதி, நிக் டிராகொட்டா வரைந்து, ஃப்ராங்க் மார்ட்டின் வண்ணம் தீட்டும் 'அப்சல்யூட் பேட்மேன்' அவற்றில் மிகப் பெரிய வெற்றி. மாளிகை இல்லை, பணம் இல்லை, வீட்டில் பணிவிடை செய்யும் ஆல்ஃப்ரெட் இல்லை. இங்கே ப்ரூஸ் வெயின் ஒரு கட்டடப் பொறியாளன். தந்தை தாமஸ் பள்ளி ஆசிரியர். மாணவர்களை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் சென்ற நாளில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிரிழக்கிறார். தாய் மார்த்தா உயிரோடு இருக்கிறார், நகர நிர்வாகத்தில் பணியாற்றுகிறார். ஆல்ஃப்ரெட் பிரிட்டிஷ் உளவாளியாக வெளியிலிருந்து வருகிறார். முதல் இதழை நாம் அவருடைய கண்களின் வழியாகவே காண்கிறோம்.

பேட்மேனைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்படும் ஒரு குறை நியாயமானது: பெரும் பணக்காரன் ஒருவன் இரவில் இறங்கி வந்து ஏழைத் திருடர்களை அடிக்கிறான், அவர்கள் திருடுவதற்கான காரணத்தைத் தன் பணத்தால் மாற்ற முயலாமல். நல்ல எழுத்தாளர்கள் பலர் அறக்கட்டளைகளையும் அநாதை இல்லங்களையும் கதைக்குள் வைத்து இந்தக் குறையைச் சமாளிக்கப் பார்த்திருக்கிறார்கள். ஸ்னைடர் சமாளிக்கவில்லை, பணத்தையே எடுத்துவிட்டார். இந்த உலகத்தில் தலைமுறைச் செல்வமும் உலகமெங்கும் பெற்ற பயிற்சியும் ஜோக்கரிடம் இருக்கின்றன. சிரிக்காத ஜோக்கர் அவன். ப்ரூஸிடம் இருப்பவை தசையும் தொழிலறிவும் நகரத்தின் அடித்தளங்களைப் பற்றிய அறிவும்தான். அவனுடைய ஒவ்வொரு கருவியும் வேலைத்தளத்திலிருந்து வந்தது போலிருக்கிறது. மார்பிலுள்ள வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடரியின் தலையாகிறது, முகமூடியின் காதுகள் கத்திகளாகின்றன, வண்டி சுரங்கத்தில் மண் அள்ளும் லாரியின் அளவில் இருக்கிறது. டிராகொட்டா அவனை இயல்புக்கு மீறிய பருமனோடு வரைகிறார். கட்டத்துக்குள் அவன் அடங்குவதில்லை. தோளும் மேலங்கியும் பக்கத்தின் ஓரத்தைத் தாண்டிப் போகின்றன. முதலில் இது மிகை என்றே பலருக்கும் தோன்றும். கைமுதல் ஏதும் இல்லாத ஒருவன் ஒரு நகரத்தையே அச்சுறுத்த வேண்டுமென்றால் தன் உடலை மட்டுமே பெரிதாக்கிக்கொள்ள முடியும் என்பது புரிந்த பிறகு அந்த உருவத்தின் நியாயம் விளங்கும்.

தொடரின் மிகச் சிறந்த கற்பனை நண்பர்கள் கூட்டம். வேலன் ஜோன்ஸ், ஆஸ்வால்ட் காபிள்பாட், ஹார்வி டென்ட், எட்வர்ட் நிக்மா, செலினா கைல் ஆகியோர் ப்ரூஸுடன் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். கில்லர் க்ராக், பென்குயின், டூ-ஃபேஸ், ரிட்லர், கேட்வுமன் என்று உலகம் வில்லன்களாக அறிந்த பெயர்கள் இவை. இங்கே அவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டு, ஒருவர் துன்பத்தில் ஒருவர் நின்று வளர்ந்த தோழர்கள். இவர்களுக்கு என்ன நேரக்கூடும் என்பது பாத்திரங்களுக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். 1939இல் தொடங்கிய ஒரு மரபின் முழுச் சுமையும் அந்தச் சாதாரண நட்புக் காட்சிகளின் மேல் விழுகிறது. ஹார்வி சிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அவனுடைய முகத்தின் ஒரு பாதியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனக்குறையும் இங்கேதான் தொடங்குகிறது. பேன் என்ற வில்லன் வரும் பகுதியில், ஆர்க் எம் என்ற கொடிய சிறையையும் ஆய்வுக்கூடத்தையும் மையமாக வைத்து, ஸ்னைடர் வன்முறையை இதழுக்கு இதழ் உயர்த்திக்கொண்டே போகிறார். ப்ரூஸைப் பணிய வைக்க அவனுடைய நண்பர்கள் சிதைக்கப்படுகிறார்கள். வேலனின் உடல் முதலையின் உடலாக மாற்றப்படுகிறது. முதல் சிதைவு நெஞ்சைப் பிளந்தது. அடுத்தடுத்து வந்தவை அந்த ஆழத்தை எட்டவில்லை. வாசகர் ஆண்டுக்கணக்கில் அஞ்சிக் காத்திருக்க வேண்டிய ஒன்றை ஓரிரு இதழ்களில் செலவழித்துவிட்டால், அந்த நட்பைக் கட்டியெழுப்பிய பொறுமை வீணாகிறது. எலும்பு முறியும் ஒலியை டிராகொட்டாவின் கோடுகளில் கேட்க முடிகிறது, அது அவருடைய பெருந்திறமை. அந்தத் திறமையே தொடருக்கு ஆபத்தாகவும் இருக்கிறது. 2025இல் டேனியல் வாரன் ஜான்சன் எழுதி வரைந்த ஆண்டுச் சிறப்பிதழிலும் குரூரம் உண்டு. ஆனால் வெள்ளை இனவெறிக் கும்பலை எதிர்கொள்ளும் ப்ரூஸின் சினமே அங்கே கதையின் கேள்வி என்பதால், ஒவ்வொரு அடிக்கும் ஒரு விலை இருந்தது.

அப்சல்யூட் வரிசையில் என் உள்ளத்துக்கு மிக நெருங்கியது 'அப்சல்யூட் ஒண்டர் வுமன்'தான். கெல்லி தாம்ப்சன் எழுத்து, ஹேடன் ஷெர்மன் ஓவியம், ஜோர்டி பெல்லேர் வண்ணம். 2025ஆம் ஆண்டு சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் என்ற உயரிய காமிக்ஸ் விருது இதற்குக் கிடைத்தபோது, நானே பெற்றதைப் போல மகிழ்ந்தேன். சொர்க்கம் போன்ற தீவும் ஆயிரம் சகோதரிகளும் அரசியான தாயும் டயானா என்ற இந்த ஒண்டர் வுமனிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. பச்சிளங் குழந்தையாக அவளை அப்போலோ நரகத்துக்குக் கொண்டுவந்து, அங்கே சிறைப்பட்டிருக்கும் சூனியக்காரி சர்சியிடம் விட்டுச் செல்கிறான். அமேசான் என்ற தன் இனத்தின் பெயரைக்கூட அந்தக் குழந்தை கேட்டு வளரக் கூடாது என்பது தேவர்களின் ஆணை. பேய்களுக்கும் பாம்புகளுக்கும் நடுவே, பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லாத ஒரு தாயின் கையில் அவள் வளர்கிறாள்.

இப்படிப்பட்ட பிறப்பைக் கொடுத்துவிட்டால், சினமும் பழியுணர்வும் நிறைந்த ஒரு நாயகியை எழுதுவதே எளிய வழி. தாம்ப்சன் அந்த வழியில் ஒரு அடிகூட வைக்கவில்லை. எலும்புக்கூடான பெகாசஸ் என்ற சிறகுக் குதிரை மேல், தன் உயரத்துக்கு ஈடான வாளோடு வானத்திலிருந்து இறங்கும் இந்தப் பெண் கருணை நிறைந்தவள். காமிக்ஸ் பழக்கமே இல்லாத என் அக்கா மகளிடம் முதல் தொகுப்பைக் கொடுத்திருந்தேன். முடித்துவிட்டு வந்தவள், "சித்தி, நரகத்துல வளர்ந்தவ, ஆனா இவளுக்கு யார் மேலயும் கோபமே வரலையே, ஏன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த விடை சர்சிதான். அந்தச் சூனியக்காரி முதலில் வெறுத்து, பிறகு சகித்து, பிறகு தன்னையறியாமல் நேசிக்கத் தொடங்குவதைத் தாம்ப்சன் மிகக் குறைந்த சொற்களில் காட்டுகிறார். ஒரு குழந்தைக்கு ஒரே ஒருவர் அன்பு காட்டினாலும் போதும் என்ற நம்பிக்கை இக்கதையின் ஒவ்வொரு முடிவுக்கும் அடியில் இருக்கிறது.

கை இழக்கும் காட்சி அதற்குச் சான்று. ஸ்டீவ் ட்ரெவர் என்ற அந்நியன் நரகத்தில் வந்து விழுகிறான். அவன் மேலே திரும்பிப் போக வேண்டுமென்றால் ஒரு பலி வேண்டும். டயானா தன் வலது கையைக் கொடுக்கிறாள். அவனை அவளுக்குச் சிறிது காலமாகத்தான் தெரியும். ஷெர்மன் அந்தப் பலியை இரத்தக் காட்சியாக விரித்துக் காட்டுவதில்லை, பெல்லேரின் சிவப்பும் கருப்பும் போதுமென்று விட்டுவிடுகிறார். பிறகு வரும் இதழ்களில் மந்திரத்தால் ஆன கையோடு அவள் போரிடும்போது, யாரும் அந்தத் தியாகத்தைப் பேசிக் காட்டுவதில்லை. அந்தக் கை அங்கே இருப்பதே போதும். இழப்பு அடுத்த இதழில் துடைக்கப்படாமல் உடலிலேயே தங்கிவிடுகிற இந்த ஒழுங்கைத்தான் கமலா கானின் கதையில் நான் தேடியும் காணவில்லை.

ஷெர்மனின் பக்க அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய கட்டங்கள் சதுரங்களாக நிற்பதில்லை. கோயில் தூண்களாகவும் சுழற்படிகளாகவும் புதிர்ப்பாதைகளாகவும் வளைகின்றன. டயானா ஒரு சிக்கலுக்குள் இறங்கினால் வாசகரின் கண்ணும் அதே சிக்கலுக்குள் இறங்கித்தான் வெளியே வர முடியும். கைபேசித் திரையில் கட்டம் கட்டமாக நகர்த்தி வாசிப்பவர்களுக்கு இந்தத் தொடரின் பாதி கிடைக்கவே கிடைக்காது. தாளிலோ பெரிய திரையிலோ முழுப் பக்கமாகவே பார்க்க வேண்டும்.

ஜேசன் ஆரோன் எழுதி, ராஃபா சாண்டோவால் வரையும் 'அப்சல்யூட் சூப்பர்மேன்' மேல் எனக்கு மதிப்பு உண்டு, அந்த அளவு அன்பு இல்லை. அதன் தொடக்கக் கருத்து மிக வலுவானது. சூப்பர்மேன் பிறந்த க்ரிப்டான் கிரகம் வகுப்புகளாகப் பிரிந்த கொடிய சமூகம். கால்-எல் என்ற இயற்பெயர் கொண்ட அவன் உழைக்கும் வகுப்பில் பிறந்தவன். மார்பிலுள்ள சின்னம் அந்த உழைப்பாளர் வகுப்பின் அடையாளம். இந்தச் சிறுவன் பெற்றோரையும் கிரகத்தையும் அறிந்து வளர்ந்தபின் இழக்கிறான். பூமியில் கான்சாஸ் பண்ணையின் அரவணைப்புக்குப் பதிலாக, பிரேசில் நாட்டு வைரச் சுரங்கத் தொழிலாளர்களின் நடுவே நாம் அவனைச் சந்திக்கிறோம். க்ரிப்டானில் நடக்கும் பகுதிகள் ஒவ்வொன்றும் நெஞ்சைத் தொடுகின்றன. சுரங்கத்தை நடத்தும் லாசரஸ் நிறுவனத்தோடு நடக்கும் சண்டைகள் அந்த அளவு தனித்தன்மை இல்லாமல், ஒன்றைப் போல் ஒன்று நீள்கின்றன. இதே வரிசையில் வரும் ஃப்ளாஷும் க்ரீன் லான்டர்னும் இன்னும் என்னை ஈர்க்கவில்லை.

டெனிஸ் கேம்பும் ஹாவியர் ரொட்ரிகெஸும் 2025 மார்ச்சில் தொடங்கிய 'அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர்' இவை எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது. ஜான் ஜோன்ஸ் எஃப்பிஐ அதிகாரி. குண்டுவெடிப்பு ஒன்றில் உயிர் தப்பிய பிறகு, அவன் மனத்துக்குள் பச்சை நிறமான ஏதோ ஒன்று குடியேறிவிடுகிறது. அதன் பிறகு மற்றவர்களின் எண்ணங்கள் அவனுக்கு வண்ணப் புகையாகத் தெரியத் தொடங்குகின்றன. ரொட்ரிகெஸ் தானே வண்ணமும் தீட்டுவதால், ஒரு மனிதனின் தலைக்கு மேல் எழும் புகையின் நிறமும் வடிவமுமே அவன் குணத்தைச் சொல்லிவிடுகின்றன. பேச்சுக் குமிழி தேவைப்படுவதில்லை. ஊரிலுள்ள எல்லோர் மனத்தையும் படிக்கத் தெரிந்தவன், தன் வீட்டில் மனைவியோடும் மகனோடும் பேச முடியாமல் விலகிக்கொண்டே போகிறான். ஆறு இதழ்கள் என்று அறிவிக்கப்பட்ட தொடர், வரவேற்பைப் பார்த்துப் பன்னிரண்டாக நீட்டப்பட்டது. சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வடிவத்தில் இன்னும் கண்டுபிடிக்க வேண்டியது மிச்சமிருக்கிறது என்பதை ஐயமின்றி உணர வைத்த தொடர் இது.

இந்தத் தொடர்களைப் பாராட்டுவதால், இருளும் இழப்பும் மட்டுமே நல்ல கதைக்கு வழி என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். மார்க் வெய்டும் டான் மோராவும் 2022இல் தொடங்கிய 'பேட்மேன்/சூப்பர்மேன்: வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்' வெயில் படர்ந்த, தாராளமான, பழைய முறையிலான சாகசம். மோராவின் சூப்பர்மேன் புன்னகைக்கும்போது பக்கமே வெளிச்சமாகிறது. ரையன் நார்த் எழுதி, 2025இல் ஐந்து இதழ்களாக வந்த, சூப்பர்மேனின் நாயான க்ரிப்டோவின் கதையும் அப்படித்தான். அந்த நாய்க்கு என்ன தெரியுமோ அதற்கு மேல் கதை எதையும் அறிந்துகொள்வதில்லை என்ற கட்டுப்பாடு அதை உயர்த்துகிறது. டாம் கிங்கும் பில்கிஸ் எவெலியும் 2021, 2022 ஆண்டுகளில் எட்டு இதழ்களில் முடித்த 'சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ'வை இவற்றுக்கெல்லாம் முன்னோடியாகக் கருதுகிறேன். தந்தையைக் கொன்றவனைத் தேடிச் செல்லும் ரூத்தி என்ற சிறுமி சொல்லும் கதை அது. அதற்குத் தொடக்கம் இருக்கிறது, பயணம் இருக்கிறது, முடிவு இருக்கிறது.

அந்த முடிவைப் பற்றிய கவலைதான் இப்போது எனக்குப் பெரிதாக இருக்கிறது. அல்டிமேட் வரிசையை 2026இல் முடித்துவிடுவதாக மார்வெல் அறிவித்தபோது வாசகர்கள் பலர் கொதித்தார்கள். நன்றாக விற்கும் தொடரை ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு அந்த முடிவின் மேல் நன்றியே உண்டு. இரண்டு ஆண்டுகளில் மேக்கர் வருவான் என்று சொல்லிவிட்டு, ஐந்தாம் ஆண்டிலும் வந்துகொண்டே இருப்பான் என்றால், பீட்டரின் பிள்ளைகள் மறுபடியும் வளராமல் நின்றுவிடுவார்கள். பென் ஒரு நாள் விற்பனைக்காகக் கொல்லப்படுவார், அடுத்த கோடையில் எழுந்து வருவார். அப்சல்யூட் பேட்மேனின் முதல் இதழ் 2024இல் மிக அதிகமாக விற்ற இதழ் என்று சொல்லப்பட்டது. அத்தகைய வெற்றியைப் பெற்ற தொடரை எந்த நிறுவனமும் எளிதில் முடிக்காது. அதனால் ஸ்னைடரிடமும் டிராகொட்டாவிடமும் ஒரு வாசகியாக நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். இந்த ப்ரூஸுக்கு ஒரு கடைசி இதழ் இருக்க வேண்டும், அதை அவர்கள் இருவருமே எழுதி வரைய வேண்டும், வேலனுக்கு நேர்ந்தது அதுவரை வேலனுக்கு நேர்ந்ததாகவே இருக்க வேண்டும்.

புதிதாக வாசிக்க விரும்புகிறவர்கள் ஒண்டர் வுமனின் 'தி லாஸ்ட் அமேசான்' தொகுப்பில் தொடங்கலாம். முன்கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. அடுத்ததாக 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்: மேரீட் வித் சில்ட்ரன்' தொகுப்பை எடுத்து, அந்த விருந்து இதழை இரண்டு முறை வாசியுங்கள். பேட்மேனின் 'தி ஸூ' மூன்றாவதாக வரட்டும். மார்வெல் இதழ்கள் மூன்று மாதத் தாமதத்தில் சந்தா செயலியில் கிடைத்துவிடுகின்றன, அவசரமில்லாதவர்களுக்கு அது போதும். ஷெர்மனின் பக்கங்களுக்கு மட்டும் எப்படியாவது தாள் பதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.